கம்பைலரை நாமே கட்டத்தான் வேண்டுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு இப்போது அபூர்வம். தமிழ் வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஜிசிசி என்னும் கம்பைலர். பிள்ளைகள் கேட்பது ஒரு விதம்: "தாத்தா, காலேஜ் லேபில் ஓடிய ப்ரோக்ராம் இங்கே ஏன் ஓடவில்லை?" பெற்றோர் கேட்பது வேறு விதம்: "சார், இதற்குப் பணம் கட்ட வேண்டுமா? இது திருட்டுச் சரக்கா?" தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் டிப்ளமா படித்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் கழித்தவன், கம்ப்யூட்டர் விஞ்ஞானி அல்ல. ஆகையால் உதாரணங்கள் தண்டவாளப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளவும். கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். மெஷினில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளவும்.

இதில் என்ன பிரமாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவன் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குப் போனான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். அடுத்த சுற்றில் லினக்ஸ் மெஷின் முன்னால் உட்காரவைத்து, ஒரு சின்ன சி ப்ரோக்ராம் எழுதி ஓட்டச் சொன்னார்கள். நாலு வருஷமும் லேபில் அவன் பார்த்தது டர்போ சியின் நீலத் திரை ஒன்றைத்தான். முதல் வரியிலேயே எரர். அரை மணி நேரம் போராடிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அவனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, பட்டறை மாறிவிட்டது, அவ்வளவுதான். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீடு அது. அந்த அரை மணி நேரத்தின் விலை என்ன என்று அவன் அப்பாவுக்குத் தெரியும்.

கம்பைலர் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நாம் எழுதுகிற சி ப்ரோக்ராம் மனிதர் படிக்கிற வடிவத்தில் இருக்கிறது. மெஷினுக்குத் தெரிந்தது எண்கள் மட்டும். நடுவில் மொழிபெயர்க்கிறவர்தான் கம்பைலர். ஆனால் ‘ஜிசிசி’ என்று ஒரு வார்த்தை அடிக்கும்போது வேலை செய்கிறவர் ஒருவர் அல்ல, நாலு பேர். முதலாமவர் ப்ரீபிராசசர்: ‘இன்க்ளூட்’ என்று நாம் எழுதிய இடங்களில் அந்தந்தக் கோப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறார். இரண்டாமவர்தான் உண்மையான கம்பைலர்: சி மொழியை அசெம்பிளி மொழியாக்குகிறார். மூன்றாமவர் அசெம்ப்ளர்: அதை எண்களாக்கி ஆப்ஜெக்ட் கோப்பு செய்கிறார். நாலாமவர் லிங்க்கர்: தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்புகளையும் லைப்ரரிகளையும் கோத்து ஓடக்கூடிய ஒரே வண்டியாக்குகிறார். மார்ஷலிங் யார்டில் பெட்டிகளைப் பொறுக்கிக் கோத்து ரேக் போடுகிற ஆளைப் பார்த்தவர்களுக்கு லிங்க்கரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த நாலு பேரும் சேர்ந்த குழுவைத்தான் டூல்செயின் என்கிறார்கள். இவர்களில் அசெம்ப்ளரும் லிங்க்கரும் ‘பைன்யூட்டில்ஸ்’ என்ற தனிப் பொட்டலத்தில் வருகிறார்கள். ஜிசிசியை மட்டும் இறக்கிக்கொண்டு "லிங்க்கர் எங்கே?" என்று தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

எரர் வந்தால் நாலு பேரில் யார் சொன்னது என்று பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றால் முதலாமவர். "அரைப்புள்ளி காணோம்" என்றால் இரண்டாமவர். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்றால் நாலாமவர். மொழியில் பிழையே இல்லை, பெட்டி ஒன்று வந்து சேரவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: திரையில் நாற்பது எரர் வந்தாலும் முதல் எரரை மட்டும் படியுங்கள். மற்ற முப்பத்தொன்பதும் அதன் வாரிசுகளாக இருக்கும். பிள்ளைகள் என்னிடம் காட்டுவது எப்போதும் கடைசி வரியைத்தான்.

இப்போது லேபில் ஓடி வீட்டில் ஓடாத ப்ரோக்ராமுக்கு வருகிறேன். டர்போ சி என்பது டாஸ் காலத்துச் சரக்கு. நல்ல சரக்குதான், 1987-ல் வந்தபோது அதன் வேகத்தைப் பார்த்து உலகமே அசந்தது. ஆனால் அது 16 பிட் மெஷினுக்கு எழுதப்பட்டது. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அந்த லேப் நோட்டுப் புத்தகங்கள் அப்படியே தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டிருந்தன. அதில் முதல் வரி ‘கோனியோ’ என்ற ஹெடர் கோப்பு. திரையைத் துடைக்கவும், ஒரு பொத்தான் அமுக்கும்வரை காத்திருக்கவும் அது பயன்பட்டது. அது சி மொழியின் சொத்து அல்ல, டாஸ் உலகத்துச் சொத்து. லினக்ஸில் கிடையாது. ஆகவே முதல் வரியிலேயே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பதில். அந்த வரியையும், திரை துடைக்கும் வரியையும், பொத்தானுக்குக் காத்திருக்கும் வரியையும் எடுத்துவிட்டால் போதும். ‘வாய்ட் மெயின்’ என்று எழுதுவதையும் ‘இன்ட் மெயின்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒரு வித்தியாசம் உண்டு. டர்போ சியில் ‘இன்ட்’ என்பது 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. இன்றைய மெஷின்களில் ஜிசிசியின் ‘இன்ட்’ 32 பிட். 8-ன் ஃபேக்டோரியல் 40320. டர்போ சி அதை மைனஸ் 25216 என்று அச்சடிக்கும், ஜிசிசி சரியாகச் சொல்லும். "அப்படியானால் ஜிசிசிதான் உயர்ந்தது" என்று சந்தோஷப்பட வேண்டாம். 13-ன் ஃபேக்டோரியல் 600 கோடியைத் தாண்டுகிறது. 32 பிட்டும் 214 கோடியோடு நின்றுவிடும். அங்கே ஜிசிசியும் தப்பான எண்ணைத்தான் காட்டும். பாத்திரம் பெரிதாயிற்றே தவிர அடி இல்லாத பாத்திரம் ஆகிவிடவில்லை. பெரிய எண் வரும் என்று தெரிந்தால் ‘லாங் லாங்’ என்று அறிவித்துவிட வேண்டும்.

அடுத்து, நுழைவுத் தேர்வு வினாத்தாள்களின் செல்லப்பிள்ளை: ஐ பிளஸ்-பிளஸ், பிளஸ்-பிளஸ் ஐ இரண்டையும் ஒரே வரியில் கூட்டி "விடை என்ன?" என்று கேட்பது. டர்போ சி ஒன்று சொல்கிறது, ஜிசிசி வேறொன்று சொல்கிறது, எது சரி என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். இரண்டும் சரியில்லை, கேள்விதான் தப்பு. ஒரே மாறியை ஒரே வரியில், முன்பின் வரிசை நிச்சயமில்லாமல் இரண்டு முறை மாற்றினால் விடை இன்னதுதான் என்று சி மொழியின் விதி சொல்லவே இல்லை. எந்தக் கம்பைலரும் எதையும் செய்யலாம். ‘-வால்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால் ஜிசிசியே எச்சரிக்கை கொடுக்கும். இப்படிக் கேள்வி கேட்கிற ஆசிரியர்களுக்கு அந்த ஆப்ஷனை யாராவது அறிமுகம் செய்துவைத்தால் புண்ணியம்.

விலை விஷயத்துக்கு வருவோம். ஒரு தந்தை சொன்னார்: கம்ப்யூட்டர் கடையில் "சி சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்" என்று இரண்டாயிரம் ரூபாய் வாங்கினார்களாம். போட்டது ஜிசிசிதான். இது மோசடியா? சட்டப்படி இல்லை. ஜிசிசியைக் காசுக்கு விற்கக் கூடாது என்று அதன் லைசென்சில் எங்கும் இல்லை, பிரதி கொடுக்கிறவன் மூலப் பிரதியையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் காசில்லாமல் செய்யக்கூடிய வேலைக்கு இரண்டாயிரம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், யார் வேண்டுமானாலும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதப்போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். அதன் பெயர் ‘க்னூ’. அதற்குக் கம்பைலர் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ஃப்ரீ யூனிவர்சிட்டியில் ஒரு கம்பைலர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பயன்படுத்தலாமா என்று எழுதிக் கேட்டாராம். யூனிவர்சிட்டிதான் ஃப்ரீ, கம்பைலர் ஃப்ரீ அல்ல என்று கேலியாகப் பதில் வந்தது. ‘ஃப்ரீ’ என்ற சொல்லை இலவசம் என்றும் சுதந்திரம் என்றும் இரண்டு விதமாக எடுக்கலாம் அல்லவா? அவர் கேட்டது சுதந்திரத்தை. கடைசியில் தாமே எழுத ஆரம்பித்து 1987-ல் வெளியிட்டார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் எழுதியபோது கையில் எடுத்தது இதைத்தான். ஜிசிசி என்பது முதலில் ‘க்னூ சி கம்பைலர்’. சி++, ஃபோர்ட்ரான், ஏடா என்று பல மொழிகள் சேர்ந்தபிறகு, 1999-ல் ‘க்னூ கம்பைலர் கலெக்‌ஷன்’ என்று விரிவு மாறியது. சுருக்கம் மாறவில்லை.

"ஜிசிசியில் கம்பைல் செய்த ப்ரோக்ராமை நான் விற்கலாமா? மூலத்தையும் கொடுத்தாக வேண்டுமா?" சிறு தொழில் தொடங்கும் பிள்ளைகள் கேட்பது இது. தாராளமாக விற்கலாம். உங்கள் மூலம் உங்களுடையது. கம்பைலர் தன் சொந்த லைப்ரரித் துண்டுகளை உங்கள் ப்ரோக்ராமில் சேர்க்கிறதே என்ற பயம் வேண்டாம், அதற்கென்றே லைசென்சில் ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜிசிசியையே திருத்தி அதைப் பிறருக்குக் கொடுத்தால்தான் திருத்திய மூலத்தையும் கொடுக்க வேண்டும்.

சரி, மூலம் கிடைக்கிறது. நாமே கட்ட வேண்டுமா? பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டாம். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற பொட்டலத்தை நிறுவினால் கம்பைலர், லிங்க்கர், ‘மேக்’ எல்லாம் கட்டித் தயாராக வந்து இறங்கும். விண்டோஸில் ‘எம்எஸ்ஒய்எஸ்2’ மூலம் மின்ஜிடபிள்யூ பதிப்பை நிறுவலாம், அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் நிறுவியபிறகும் "ஜிசிசி என்ற கட்டளை தெரியாது" என்று வந்தால் நிறுவியது வீண் என்று அர்த்தமில்லை. அது இருக்கும் ஃபோல்டரை ‘பாத்’ என்ற பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவே. ஆப்பிள் மெஷினில் ‘ஜிசிசி’ என்று அடித்தால் ஓடுவது ஜிசிசி அல்ல, கிளாங் என்ற வேறு கம்பைலர். மாணவர் வேலைக்கு அதுவும் குறைவில்லை.

கட்ட வேண்டிய பத்தாவது ஆள் யார்? ஒன்று, கல்லூரி சர்வரில் இருப்பது பழைய பதிப்பு, புதிதை நிறுவ அதிகாரம் இல்லை, தன் ஹோம் டைரக்டரியில் கட்டிக்கொள்ள வேண்டியவர். இரண்டு, வேறு வகை மெஷினுக்குக் கம்பைல் செய்ய வேண்டியவர். மூன்று, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்கிறவர். மூன்றாவது வகைப் பிள்ளையை மட்டும் தடுக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை போகும், ஆனால் ஒரு செமஸ்டரில் வராத விஷயம் வரும்.

கட்டும் முறை இது. மூலப் பொட்டலம் சுருக்கிய நிலையில் 100 எம்பி அளவில் இருக்கும். விரித்துக் கட்டி முடிப்பதற்குள் பல ஜிபி இடம் பிடிக்கும். டிஸ்கைப் பார்த்துக்கொள்ளவும். விரித்தபின் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகள் தேவை. கம்பைல் செய்யும்போதே எண்களைக் கணக்கிட்டு வைப்பதற்காக இவை. இவை இல்லாமல்தான் முக்கால்வாசிப் பேர் முதல் படியிலேயே நிற்கிறார்கள். தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். மூலத்துக்குள் ‘கான்ட்ரிப்’ என்ற ஃபோல்டரில் ‘டவுன்லோட் ப்ரீரெக்விசிட்ஸ்’ என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. மூலத்தின் மேல் ஃபோல்டரில் நின்று அதை ஓட்டினால் மூன்றையும் இறக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடும்.

பிறகு மூலத்துக்கு வெளியே ஒரு காலி ஃபோல்டர் திறந்து, அதற்குள் நின்றுகொண்டு ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். மூலத்துக்குள்ளேயே நின்று கட்டாதீர்கள், ஜிசிசிக்காரர்களே கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். கன்ஃபிகருக்கு மூன்று ஆப்ஷன் கொடுத்தால் போதும். ‘ப்ரிஃபிக்ஸ்’ என்பது எங்கே நிறுவ வேண்டும் என்பது. ஹோம் டைரக்டரியில் தனி ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள், பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் கதை முடிந்தது. சிஸ்டத்தின் சொந்தக் கம்பைலர் மேலேயே கொண்டுபோய் நிறுவினால் சிஸ்டமே படுத்துவிடலாம். அடுத்தது மொழிகள்: சி, சி++ இரண்டு போதும். மூன்றாவது ‘டிசேபிள் மல்டிலிப்’. இதைக் கொடுக்காவிட்டால் 64 பிட் மெஷினில் 32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும், 32 பிட் ஹெடர்கள் இல்லை என்று நின்றுவிடும். 

அதன்பின் ‘மேக்’, கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’. ‘மேக்’ கட்டளையோடு ‘-ஜே4’ என்று கொடுத்தால் நாலு ஆள் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். நாலு ஆளுக்குச் சாப்பாடு போட வேண்டுமே, மெமரி குறைந்த மெஷினில் "கில்ட்" என்று ஒரு வார்த்தையோடு நின்றுவிடும். அது மூலத்தில் பிழை அல்ல. மெமரி போதாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கம்பைலரைக் கொன்றுவிட்டது. ‘-ஜே2’ அல்லது ‘-ஜே1’ என்று குறைத்து மறுபடி ஓட்டவும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கட்டும்போது கவனித்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: "ஒரே கோப்பை மூன்று முறை கம்பைல் செய்கிறதே, ஏதாவது சிக்கிக்கொண்டதா?" இல்லை, இங்கேதான் ரசமான விஷயம் இருக்கிறது. ஜிசிசி தன்னைத் தானே கட்டிக்கொள்கிற ப்ரோக்ராம். 2013-ல் வந்த 4.8 பதிப்பிலிருந்து அதைக் கட்டச் சி++ கம்பைலர் வேண்டும். கம்பைலர் கட்டக் கம்பைலர் வேண்டும் என்றால் முதல் கம்பைலர் எங்கிருந்து? ஏற்கனவே மெஷினில் இருக்கும் பழையதிலிருந்து. பழையது முதல் பிரதியைக் கட்டுகிறது. அந்த முதல் பிரதி, அதே மூலத்திலிருந்து இரண்டாம் பிரதியைக் கட்டுகிறது. இரண்டாவது மூன்றாவதைக் கட்டுகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஏன்? முதல் பிரதியைக் கட்டியது அன்னிய ஆள், ஆகவே அதன் உடல்வாகு வேறு. ஆனால் அதன் அறிவு புது மூலத்தின் அறிவு. முதலாவதும் இரண்டாவதும் ஒரே அறிவு உள்ளவை என்றால், ஒரே மூலத்தைக் கொடுத்தால் ஒரே பொருளைத்தான் செய்ய வேண்டும். வித்தியாசம் வந்தால் எங்கோ கோளாறு. "பூட்ஸ்ட்ராப் கம்பேரிசன் ஃபெயிலியர்" என்று நிற்கும்.

ஒர்க்‌ஷாப்பில் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம்: ஒரு லேத்தைக் கொண்டு இன்னொரு லேத்தின் லீட் ஸ்க்ரூவைக் கடையலாம். ஆனால் தாய் லேத்தின் ஸ்க்ரூவில் பிசகு இருந்தால் குழந்தை லேத்திலும் அதே பிசகு இறங்கும், அளந்து பார்க்க அதே லேத்தில் செய்த கருவியை எடுத்தால் பிசகு கண்ணுக்கே தெரியாது. யூனிக்ஸைப் படைத்த இருவரில் ஒருவரான கென் தாம்ப்சன் இதையேதான் கம்பைலர் உலகத்துக்குச் சொன்னார். 1984-ல் அச்சான அவருடைய டியூரிங் விருது உரையில், ஒரு கம்பைலருக்குள் திருட்டு வழியை ஒளித்துவைத்து, மூலத்திலிருந்து அதன் தடயத்தை அழித்துவிட்டாலும், அந்தக் கம்பைலர் தன் அடுத்த பிரதியைக் கட்டும்போது திருட்டு வழியைத் தானே திரும்ப நுழைத்துக்கொள்ளும்படி செய்யலாம் என்று விளக்கினார். மூலத்தை எத்தனை முறை படித்தாலும் அகப்படாது. மூன்று முறை கட்டி ஒப்பிடுவதும் இந்தத் திருடனைப் பிடிக்காது. அது கோளாறைப் பிடிக்கத்தான். டேவிட் வீலர் என்பவர் இதற்கு ஒரு வழி காட்டினார்: சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரால் அதே மூலத்தைக் கட்டி, அதன் பிரதியால் மறுபடி கட்டி, முடிவை ஒப்பிடுவது. வேறு பட்டறையில் செய்த அளவுகோலைக் கொண்டு அளப்பதுபோல. பல கம்பைலர்கள் உலகத்தில் இருப்பதும், அவற்றின் மூலம் திறந்திருப்பதும் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அவசரக்காரர்கள் ‘டிசேபிள் பூட்ஸ்ட்ராப்’ என்று கொடுத்து ஒரே முறை கட்டலாம். நேரம் நன்றாகக் குறையும். சோதனை போய்விடும்.

கட்டி முடித்தாயிற்று. புதுக் கம்பைலரில் செய்த சி++ ப்ரோக்ராமை ஓட்டினால், "ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் இன்ன பதிப்பு காணோம்" என்று வருகிறது. புதிதாகக் கட்டியவர்களில் யாரும் இதிலிருந்து தப்பியதாக நான் பார்க்கவில்லை. நம் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் கதைதான். 1676 மில்லிமீட்டருக்குச் செய்த வண்டியை 1000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. வண்டியும் பழுதில்லை, தண்டவாளமும் பழுதில்லை. உங்கள் ப்ரோக்ராம் புதுக் கம்பைலரோடு வந்த சி++ லைப்ரரியை எதிர்பார்க்கிறது. ஓடும்போது சிஸ்டம் கொடுப்பது பழைய லைப்ரரி. புது லைப்ரரி எங்கே இருக்கிறது என்று ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற மாறியில் சொல்லலாம். அல்லது லிங்க் செய்யும்போதே ‘ஆர்பாத்’ ஆப்ஷனில் பாதையை ப்ரோக்ராமுக்குள் எழுதிவிடலாம். இரண்டாவது வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். முதலாவது எல்லா ப்ரோக்ராம்களையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

பயன்படுத்துவதில் வரும் கேள்விகளில் ‘ஸ்கொயர் ரூட்’ விவகாரம் வேடிக்கையானது. 2-ன் வர்க்கமூலம் கேட்டால் வருகிறது, அதையே மாறியில் வைத்துக் கேட்டால் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வருகிறது. மாறாத எண்ணைக் கொடுத்தபோது கம்பைலரே கணக்குப் போட்டு விடையை எழுதிவிட்டது, லைப்ரரியே தேவைப்படவில்லை. மாறி வந்தால் ஓடும்போதுதான் கணக்கு. அதற்குக் கணித லைப்ரரி வேண்டும், ‘-எல்எம்’ என்று சேர்க்க வேண்டும். அதையும் கோப்பின் பெயருக்குப் பின்னால் சேர்க்கவும். லிங்க்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறவர். தேவை என்று தெரிவதற்கு முன்னால் காட்டிய பெட்டியைக் கோக்காமலே போய்விடுவார்.

பத்தில் ஒன்றைப் பத்து முறை கூட்டினால் ஒன்று வரவில்லை என்று ஒரு பெண் குழந்தை கொண்டுவந்து காட்டினாள். 0.9999999999999999 வந்தது. கம்பைலர் பிழை அல்ல. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? பத்தில் ஒன்றை இரண்டடிமான எண்ணில் எழுதினால் அதேபோல் முடிவில்லாமல் போகும், எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். காசுக் கணக்கை ரூபாயில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை கிடையாது.

"போன வருஷம் கம்பைல் ஆன ப்ரோக்ராம் இப்போது ஆகவில்லை" என்பதும் உண்மையான புகார்தான். 2024-ல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வெறும் எச்சரிக்கையாக இருந்தது எரராகிவிட்டது. பெரும்பாலும் ஒரு ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். 2025-ல் வந்த 15-ஆம் பதிப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால் சி23 என்ற புது விதிப்படி படிக்கிறது. பழைய ப்ரோக்ராமை அப்படியே ஓட்ட வேண்டுமானால் ‘-எஸ்டிடி’ ஆப்ஷனில் பழைய விதியின் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் ‘கெட்ஸ்’ என்ற ஃபங்ஷனை மட்டும் அப்படிக் காப்பாற்றாதீர்கள். எத்தனை எழுத்து வரும் என்று பாராமல் வாங்கிக்கொண்டே இருப்பது அது. 1988-ல் இன்டர்நெட்டையே முடக்கிய மோரிஸ் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011-ல் சி மொழியின் விதிப்புத்தகத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். லேப் நோட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘எஃப்கெட்ஸ்’ பயன்படுத்தவும்.

சாதாரணமாக ஓடுகிற ப்ரோக்ராம் ‘-ஓ2’ என்று வேகப்படுத்தினால் உளறுகிறது என்றால், கம்பைலரைத் திட்டுவதற்கு முன் ஆரம்ப மதிப்புக் கொடுக்காத மாறி ஏதாவது இருக்கிறதா, அரேயின் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்கவும். ‘-ஜி’ சேர்த்து, ‘-எஃப்சானிடைஸ்’ ஆப்ஷனில் ‘அட்ரஸ்’, ‘அன்டிஃபைன்ட்’ இரண்டையும் கொடுத்து ஓட்டினால் அரேயின் எல்லை எந்த வரியில் தாண்டுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

வேறு வகை மெஷினுக்குக் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்டுயினோ பலகை வாங்கி விளையாடுகிற பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாமலே ஜிசிசியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பொத்தானுக்குப் பின்னால் ஓடுவது ஏவிஆர் சில்லுக்கான ஜிசிசி. லாப்டாப்பில் உட்கார்ந்து, லாப்டாப்பில் ஓடாத கோடைத் தயாரிக்கிறது. இதைக் கிராஸ் கம்பைலர் என்பார்கள். சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ பிராசசர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பைச் சேர்ந்தவை. 2017-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசிக்கு ரிஸ்க்-ஃபைவ் தெரியும். சொந்தமாகச் சில்லு செய்கிறவர்கள் கம்பைலருக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை என்பதை இங்கே கவனிக்கலாம்.

கடைசியாக, தமிழ் வகுப்பிலிருந்தே வந்த கேள்வி: மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? 2020-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து வைக்கலாம். ‘தொகை’, ‘வட்டி’, ‘மாதம்’ என்று எழுதி வட்டிக் கணக்கு ப்ரோக்ராமைக் கம்பைல் செய்து பாருங்கள், ஜிசிசி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ‘இஃப்’, ‘ஃபார்’ போன்ற சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து ‘ஸ்டர்லென்’ மூலம் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியாக வைத்திருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஸ்டர்லென் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணிச் சொல்கிற ஒரு ஃபங்ஷனை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொம்பும் புள்ளியும் சரியாக வந்துவிட்டன, ‘க்ஷ’வையும் ‘ஸ்ரீ’யையும் ஓர் எழுத்தாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதில் அவர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.